செத் பிளாஸில் ஏழாவது ஆள்

பிரெஞ்சில் ‘செத்’ என்றால் ஏழு, ‘பிளாஸ்’ என்றால் இடம். ஏழு பயணிகளை ஏற்றிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போகும் வாடகைக் காருக்கு செனகலில் ‘செத் பிளாஸ்’ என்று பெயர். டாக்காரில் முதல்முறை அந்தப் பெயரைக் கேட்டபோது என் தமிழ்க் காதுக்கு அது நல்ல சகுனமாகப் படவில்லை. மறுநாள் காலை வண்டியை நேரில் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது. சரியான பெயர்தான்.

வேலை விஷயமாக மூன்று வாரம் டாக்காரில் இருந்தேன். நடுவில் ஒரு சனி, ஞாயிறு கிடைத்தது. வடக்கே சான் லூயி என்று பழைய பிரெஞ்சுக் காலத்து ஊர், ஆற்றுக்கு நடுவே தீவு, 1897-ல் கட்டிய இரும்புப் பாலம். போகலாம் என்று கிளம்பினேன். ஏறத்தாழ 260 கிலோமீட்டர். ஆபீஸில் எல்லாரும் கார் வைத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். நான் கேட்கவில்லை.

டாக்காரை ஒட்டிய பிக்கினில் பெரிய வண்டி நிலையம் இருக்கிறது. போர்டில் டைம் டேபிள் எல்லாம் கிடையாது. சான் லூயி என்று கத்துகிற ஆளைக் கண்டுபிடித்து, அவர் காட்டும் வண்டியில் ஏறி, ஏழு பேர் சேரும்வரை காத்திருக்க வேண்டும். பைக்குத் தனிக் காசு. அதற்குப் பேரம் பேச வேண்டும். எனக்கு இது ஒன்றும் புதிது இல்லை. நான் போடிநாயக்கனூர்க்காரன். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறுகிற ஜீப்பைப் பார்த்து வளர்ந்தவன். ஆள் நிறைந்தால்தான் வண்டி நகரும் என்பது எங்கள் ஊரில் இயற்கை விதி.

அன்றைக்கு ஏழாவது ஆள் நான். ஏழாவது ஆளுக்கு எந்த சீட் மிச்சம் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. டிரைவர் பக்கத்தில் ஒருவர், நடு வரிசையில் மூன்று பேர், கடைசி வரிசையில் மூன்று பேர். அந்தக் கடைசி மூன்றில் நடு இடம் எனக்கு. முட்டி தாடையைத் தொட்டது. வண்டி, பிரெஞ்சுக் கம்பெனி பெஜோவின் வெள்ளை 504 ஸ்டேஷன் வேகன். முன் கண்ணாடிக்கு மேலே ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று எழுதியிருந்தது. அதன் வயது என் வயதை ஒட்டி இருக்கும்.

தியெஸ் தாண்டியதும் புழுக்கம் தாங்கவில்லை. கண்ணாடியை இறக்கலாம் என்று நடு வரிசைக்காரர் கதவைத் தடவினார். சுற்றுகிற கைப்பிடி இல்லை. அவர் முன்னால் சாய்ந்து ஏதோ சொல்ல, டிரைவர் டேஷ்போர்டிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் நீட்டினார். அதை மாட்டிச் சுற்றிக் கண்ணாடியை இறக்கிவிட்டு எதிர்ப்பக்கம் கொடுத்தார்கள். அவரும் மாட்டி, சுற்றி, கழற்றித் திருப்பிக் கொடுத்தார். கைப்பிடி மறுபடி டேஷ்போர்டுக்குப் போய்ச் சேர்ந்தது. நாலு கதவுக்கும் ஒரே கைப்பிடி! ஒருவரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

லூகாவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின் டயர் பஞ்சர். எல்லாரும் இறங்கி ஒரு மரத்தடியில் ஒதுங்கினோம். டிரைவர் பின்பக்கம் குனிந்து, தரைக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்த ஸ்டெப்னியை இறக்கினார். நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவன், சும்மா நிற்க முடியுமா? நானும் குனிந்து பார்த்தேன்.

அந்தப் பார்வைதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். பின்னால் குறுக்கே, இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே துண்டான கட்டி ஆக்ஸில். அதன் மேல் ஒரு பக்கத்துக்கு இரண்டு வீதம் நாலு சுருள் ஸ்பிரிங். எங்கள் ஊர் ஜீப்பில் பட்டை ஸ்பிரிங்தான் பார்த்திருக்கிறேன். பட்டை பாரம் தாங்கும், ஆனால் முதுகெலும்பைக் கழற்றிவிடும். சுருள் ஸ்பிரிங் சொகுசு, ஆனால் பாரம் ஏற்றினால் உட்கார்ந்துவிடும். இங்கே யாரோ ஒருவர் இரண்டு கவலையையும் ஒரே நேரத்தில் பட்டிருக்கிறார். எட்டுப் பேர், கூரை மேல் மூட்டை, ஒரு கூடைக் கோழி, இத்தனையோடும் அந்த நாற்பது வருட வண்டி குழியில் இறங்கி ஏறும்போது என் தலை கூரையில் இடிக்கவில்லை. அது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

இன்னொன்றும் அங்கே உறைத்தது. டயர் மாற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தபோது அந்த டீசல் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தமாக இருந்தது. வெறும் டீசல் கடகட இல்லை, குறிப்பிட்ட ஒரு கடகட. ராத்திரி சான் லூயி லாட்ஜில் படுத்துக்கொண்டு யோசித்தபோது பிடிபட்டது. மகேந்திரா ஜீப்! எங்கள் ஊர் ஒர்க்‌ஷாப்பில் ‘பீஜோ இன்ஜின்’ என்பார்களே, அது. பெஜோவிடம் லைசென்ஸ் வாங்கி மகேந்திரா இங்கே செய்த டீசல் இன்ஜின். பெயரே எக்ஸ்.டி.பி. 4.90. நாலு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம், மொத்தம் 2112 சிசி. 504 டீசலில் வந்த இன்ஜின்களில் ஒன்றுக்கும் அதே 90, அதே 2112. போடிமெட்டு வளைவில் மூச்சு வாங்கும் ஜீப்புக்கும் சகாரா ஓரத்தில் ஓடும் செத் பிளாஸுக்கும் ஒரே குலம்.

சான் லூயி பற்றி எழுத நிறைய இருக்கிறது. அதை இன்னொரு நாள் பார்க்கலாம். ஆறு, பாலம், மீன் வாடை, பால்கனி வைத்த வீடுகள். நன்றாக இருந்தது.

அதற்கு ஒன்றரை வருடம் கழித்து, பாசலில் ஒரு நண்பர் வீட்டில் தங்க வாய்ப்பு வந்தது. ஸ்விட்சர்லாந்துக்கு வந்தவன் பனிமலை பார்ப்பான். நான் காலையில் ரயில் ஏறி மியூலூஸ், பெல்ஃபோர் வழியாக எல்லை தாண்டி பிரான்ஸின் மோன்பெலியார் போனேன். அதை ஒட்டியதுதான் சோஷோ, பெஜோவின் பிறப்பிடம் மாதிரி. தொழிற்சாலைக்கு எதிரிலேயே அவர்களுடைய மியூசியம், 1988-ல் திறந்தது. நண்பரின் மனைவி “அண்ணா, லீவுல போய் ஃபேக்டரியா பாப்பீங்க?” என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

மியூசியத்தின் முதல் பகுதியில் காரே இல்லை. ரம்பம், சைக்கிள், தையல் மிஷின், காபி அரைக்கும் மில். கார் செய்வதற்கு முன் இவர்கள் இரும்புச் சாமான் வியாபாரிகள். அந்தச் சிங்கச் சின்னமே ரம்பத்துக்காக வந்தது. சிங்கத்தின் பல் மாதிரி ரம்பப் பல் என்று பொருள். 1858-ல் பதிவு செய்தது. மிளகு அரைக்கும் மில்லை 1874-லிருந்து செய்கிறார்கள், இன்றைக்கும் அந்தப் பெயரில் விற்கிறது. போடிக்காரன் மிளகு மில்லைப் பார்த்தால் சும்மா விடுவானா? விலையைப் பார்த்தேன். விட்டுவிட்டேன். வீட்டில் அம்மி இருக்கிறது.

அப்புறம் கார்கள். பெரும்பாலானவற்றுக்கு மூன்று இலக்கப் பெயர், நடுவில் பூஜ்யம். 1929-ல் 201-ல் தொடங்கிய பழக்கம். இந்தப் பூஜ்யத்தை இவர்கள் எவ்வளவு பத்திரமாகக் காத்தார்கள் என்றால், போர்ஷே 901 என்று ஒரு கார் கொண்டுவந்தபோது ஆட்சேபம் தெரிவித்தார்கள். போர்ஷே பெயரை 911 என்று மாற்றிக்கொண்டது. உலகமே மயங்குகிற அந்த 911-க்குப் பெயர் வந்த கதை இதுதான்.

404-க்கும் 504-க்கும் நடுவில் நெடுநேரம் நின்றேன். 1960-ல் வந்த 404 இத்தாலிய கார் டிசைன் கம்பெனி பினின்ஃபரினா வரைந்தது. நல்ல கார், உழைப்பாளி. கிழக்கு ஆப்பிரிக்காவின் சஃபாரி ராலியில் 1963, 66, 67, 68 என்று நாலு முறை ஜெயித்தது. ஆனால் முகத்தில் ஒரு குறை. அதே பினின்ஃபரினா அதே காலத்தில் ஃபியட்டுக்கும் ஆஸ்டினுக்கும் வரைந்து கொடுத்த கார்களும் கிட்டத்தட்ட அதே ஜாடை. ஒரே தையல்காரரிடம் தைத்த சட்டைகள்.

அடுத்த காருக்கு ஆப்பிரிக்காவில் கற்ற பாடமும் வேண்டும், தனி முகமும் வேண்டும். பினின்ஃபரினாவில் ஆல்டோ ப்ரோவரோனே வரைந்தார். முன்விளக்கு வட்டம் இல்லை, சதுரம் இல்லை. வெளிப்பக்கம் இழுத்துவிட்ட மை தீட்டிய கண் மாதிரி ஒரு சரிவகம். இத்தாலிய நடிகை சோஃபியா லோரனின் கண் என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்வார்கள். பின்பக்கம் டிக்கி மூடி பாதி வழியில் மடங்கிக் கீழே சரிகிறது. போட்டோவில் பார்த்தால் யாரோ இடித்துவிட்ட மாதிரி தெரியும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை.

உள்ளே வேலை வேறு. 404-ன் 1.6 லிட்டர் இன்ஜினை 1796 சிசிக்குப் பெரிதாக்கினார்கள். டிக்கி வைத்த சாதாரண மாடலான செடானில் நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், நாலு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷன். 1968-ல் ஒரு குடும்பக் காருக்கு இது சாதாரணம் இல்லை. போட்டிக் கம்பெனிகள் பலவும் அப்போது பின்பக்கம் கட்டி ஆக்ஸிலும் டிரம் பிரேக்கும் வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தன. ஸ்பிரிங் நிறைய தூரம் ஏறி இறங்கும்படி வைத்தார்கள், சீட்டுக்குத் தாராளமாகப் பஞ்சு வைத்தார்கள். அன்றைய பிரெஞ்சு கிராமத்துச் சாலைகளை நினைத்துச் செய்தது. அது செனகலின் டாம்பகுண்டாவுக்கும் நைஜீரியாவின் கடுனாவுக்கும் பொருந்திப் போனது அவர்கள் அதிர்ஷ்டம்.

வெளியீட்டை ஜூன் 1968-க்குத் திட்டமிட்டிருந்தார்கள். அந்த மே மாதம் பிரான்ஸ் முழுக்க வேலைநிறுத்தம். சோஷோவில் அது சாதாரணமாக முடியவில்லை. ஜூன் 11 அன்று போலீஸ் தொழிற்சாலைக்குள் புகுந்ததில் கலவரமாகி, இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். கார் செப்டம்பரில் வெளியானது. மினுமினுக்கும் 504 பக்கத்தில் நின்றுகொண்டு இதை நினைத்தபோது, ஜன்னலுக்கு அந்தப்பக்கம் தெரிந்த தொழிற்சாலைச் சுவரை ஒருமுறை எட்டிப் பார்த்தேன். ஷிப்ட் முடிந்து ஆட்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள்.

1969-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருது 504-க்குக் கிடைத்தது. பரிசு வாங்கியது செடான். ஆனால் நான் தேடி வந்தது 1970-ல் சேர்ந்த ஸ்டேஷன் வேகனை. பிரெஞ்சில் அதற்கு ‘பிரேக்’ என்று பெயர், மூன்று வரிசை சீட் வைத்தால் ‘ஃபமிலியால்’. சாதாரணமாகக் கம்பெனிகள் என்ன செய்யும்? செடானின் கூரையைப் பின்னால் நீட்டி ஒரு கதவு வைத்துவிடும். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே செடானில் 2.74 மீட்டர். ‘பிரேக்’ வேகனில் 2.90. பதினாறு சென்டிமீட்டர் கூட்டினார்கள். பெருமைப்பட்டுக்கொண்ட அந்தத் தனித்தனி பின் சஸ்பென்ஷனைக் கழற்றிப் போட்டுவிட்டு, பழைய கட்டி ஆக்ஸிலுக்கே திரும்பினார்கள். நாலு ஸ்பிரிங்கோடு. பின் பிரேக்கும் டிஸ்க்கிலிருந்து டிரம்முக்கு இறங்கியது.

இறங்கியது என்று எழுதிவிட்டேன், ஆனால் அது எனக்கு இறக்கமாகத் தெரியவில்லை. தனி சஸ்பென்ஷனில் பாரம் ஏற ஏறச் சக்கரங்கள் மேல்பக்கம் உள்ளே சாய்ந்துவிடும், டயர் ஒரு பக்கமாகத் தேயும். கட்டி ஆக்ஸிலில் எவ்வளவு ஏற்றினாலும் சக்கரம் நிமிர்ந்தே நிற்கும். வளைந்தால் எந்தக் கொல்லனும் நிமிர்த்துவான். புதுசு கண்டுபிடிப்பது ஒரு திறமை. கண்டுபிடித்த புதுசு இந்த வேலைக்கு ஆகாது என்று இரண்டே வருடத்தில் ஒத்துக்கொண்டு பழசை எடுப்பதற்குத் தைரியம் வேண்டும். 504 என்றால் எல்லாரும் அந்தக் கண்ணைப் பேசுவார்கள். நான் அந்த ஆக்ஸிலைப் பேசுவேன்.

பிரெஞ்சுக் குடும்பம் ஆகஸ்ட் லீவுக்குப் பிள்ளை குட்டி, பாட்டி, கூடாரத்தோடு தெற்கே கடற்கரைக்குப் போகச் செய்த வண்டி அது. பிரான்ஸில் செடானும் ‘பிரேக்’ வேகனும் 1983-ல் நின்றன. நைஜீரியாவின் கடுனாவில் 1975-ல் தொடங்கிய தொழிற்சாலை இந்த நூற்றாண்டிலும் 504 செய்தது. அர்ஜென்டினாவில் 1999 வரை ஓடியது. மொத்தம் 37 லட்சம் கார்கள். 1975-லும் 78-லும் சஃபாரி ராலியையும் ஜெயித்துக்கொண்டார்கள். இப்போது செனகலில் செத் பிளாஸ் வருடா வருடம் குறைகிறது, மினிபஸ் வந்துவிட்டது. டாக்காரில் என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் “நல்லது, தொலையட்டும்” என்றார். தினமும் அதில் போகிறவருக்கு அப்படித்தான் இருக்கும்.

கிளம்புமுன் மறுபடி ஒருமுறை அந்தக் காருக்கு வந்தேன். வெளிர் நீலம், தூசி இல்லை, தொடாதீர்கள் என்று பலகை. வயதான காவலாளி ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கயிற்றுக்கு இந்தப்பக்கம் முழங்காலிட்டுக் குனிந்து கதவுக்குள் எட்டிப் பார்த்தேன். அவர் வந்து என்ன தேடுகிறேன் என்று பிரெஞ்சில் கேட்டார் போலிருக்கிறது. கையால் கண்ணாடி சுற்றுகிற மாதிரி செய்து காட்டினேன். அவருக்குப் புரியவில்லை.

முன் கதவு இரண்டிலும் கைப்பிடி இருந்தது. சுற்றிப்போய்ப் பின் கதவையும் பார்த்தேன். இரண்டிலும் இருந்தது.