ப்ராம்ப்டர் ஓட்டிய நாட்கள்

சென்னையில் ஒரு செய்தி சேனலில் எனக்குக் கிடைத்த முதல் வேலை ப்ராம்ப்டர் ஓட்டுவது, அதாவது செய்தி வாசிப்பவர் கேமராவைப் பார்த்தபடியே படிக்கும் எழுத்தை அவர் வேகத்துக்கு ஏற்ப நகர்த்துவது. "குமிழைத் திருப்பிக்கிட்டே இருந்தா போதும்" என்று சொல்லித்தான் உட்கார வைத்தார்கள்.

கருவி எளிமையானதுதான். லென்ஸுக்கு முன்னால் 45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடி, அதற்குக் கீழே மல்லாந்து கிடக்கும் மானிட்டர், லென்ஸைச் சுற்றிக் கறுப்புத் துணி. மானிட்டரில் இடவலம் மாறி ஓடும் எழுத்து, கண்ணாடியில் நேராகத் தெரியும். வாசிப்பவர் எழுத்தைப் பார்க்கிறார். வீட்டில் இருப்பவருக்கோ தன்னையே பார்த்துப் பேசுவது போலிருக்கும்.

சிக்கல் தமிழில் இருந்தது. வரி அகலமாக ஓடினால் வாசிப்பவரின் கண் இடமும் வலமும் அலைவது திரையில் அப்படியே தெரிந்துவிடும். அதனால் ஓரங்களை நெருக்கி, வரியை ஒடுக்க வேண்டும். ஒடுக்கினாலோ, 'தெரிவித்திருப்பதாகவும்' போன்ற ஒரே சொல் முழு வரியையும் அடைத்துக்கொள்ளும். பழைய எழுத்துருவில் வந்த செய்தி என்றால் இன்னும் மோசம். ஒற்றைக்கொம்பு வரியின் கடைசியிலேயே நின்றுவிட, 'கொடுத்தார்' அடுத்த வரியில் 'காடுத்தார்' ஆகிவிடும். புல்லட்டினுக்கு முந்தைய கால் மணி நேரம் எனக்கு இதே வேலை: சொற்களைப் பிரிப்பது, 1,43,75,000 என்று இருப்பதை 'ஒரு கோடியே 43 லட்சத்து 75 ஆயிரம்' என்று மாற்றுவது. செய்தி எழுதுபவர்கள் ஒருமுறையாவது இந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். வாக்கியம் எங்கே மூச்சை அடைக்கிறது என்பது இங்கிருந்து பார்த்தால்தான் தெரியும்.

ஒரு மாலை, விபத்துச் செய்தி. இறந்த குழந்தைகளின் வயதை வாசிக்கும்போது, செய்தி வாசித்துக்கொண்டிருந்த அக்கா ஒரு நொடி நின்றார். கட்டுப்பாட்டு அறையிலிருந்து பேசும் டாக்பேக்கில் "நேரமில்லை, ஓட்டு" என்று எனக்குக் குரல். நான் ஓட்டிவிட்டேன். வரி மேலேறி மறைந்தது. அவர் பதறவில்லை, குனிந்து, மேசையில் இருந்த தாளைப் பார்த்து மீதியை வாசித்து முடித்தார். வெளியே வந்ததும் திட்டவில்லை. "தம்பி, நான் நின்னா நீயும் நில்லு. நீ ஓடினா நான் துரத்திக்கிட்டுத்தானே வரணும்" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1950இல் அமெரிக்காவில், நேரலை நாடகங்களில் வசனம் மறந்து தவித்த நடிகர்களுக்காகத்தான் ப்ராம்ப்டர் பிறந்தது. யோசனை ஃப்ரெட் பார்ட்டன் என்ற நடிகருடையது; அதைக் கருவியாக்கியவர் ஹூபர்ட் ஷ்லாஃப்லி என்ற பொறியாளர். அப்போது பெரிய எழுத்தில் தட்டச்சு செய்த காகிதச் சுருள்தான். அதையும் கேமரா அருகே மறைவாக ஒருவர் இருந்து, நடிகர் பேசப் பேச நகர்த்தினாராம். இதைப் படித்தபோது அந்த முகம் தெரியாத மனிதர் எனக்கு ரொம்ப நெருக்கமாகிவிட்டார்.

அந்த மாலைக்குப் பிறகு அக்காவோடு சேர்ந்து நானும் வாய்க்குள் வாசிக்கத் தொடங்கினேன். 'ஆனால்' என்ற சொல்லுக்கு முன் அவர் மூச்சு இழுப்பார். இன்னொருவர் எண்களுக்கு முன் வேகம் குறைப்பார். குரலைக் கேட்டுத் தானே ஓடும் செயலிகள் இப்போது போனிலேயே கிடைக்கின்றன; தனியாக வீடியோ எடுப்பவர்களுக்கு நல்ல துணைதான். நேரலைச் செய்திக்கு நான் இன்னும் ஆளைத்தான் நம்புகிறேன். புதிதாக வரும் பையன்களை முதல் இரண்டு நாள் குமிழைத் தொட விடுவதில்லை. ஹெட்போனை மாட்டிவிட்டு, வாசிப்பவர் எங்கெங்கே மூச்சு வாங்குகிறார் என்று தாளில் குறிக்கச் சொல்கிறேன்.