வெட்டிவேர் எண்ணெயும் எங்கள் வீட்டுக் குப்பிகளும்

கொள்ளிடம் கடலில் சேருகிற பக்கம் நான் வாழ்க்கைப்பட்டு வந்த ஊர். பள்ளத்தில் நெல், மேட்டில் மணல். அந்த மணலில்தான் மாமா, அதாவது என் வீட்டுக்காரரின் அப்பா, வெட்டிவேர் போடுகிறார். நட்டு ஒரு வருஷம் ஆனதும் பொக்லைன் வைத்துத் தூரோடு புரட்டிப் போடுவார்கள். களிமண்ணாக இருந்தால் வேர் பாதியில் அறுந்துவிடும். மணலில் உதறினாலே முழுசாக வந்துவிடும். பம்புசெட் தொட்டியில் நாள் முழுக்க வேர் அலசிய கையால் சாப்பிட்டால் சோற்றிலும் அந்த வாசனை இருக்கும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இதற்கு 'வெட்டிவர்' என்றுதான் பெயர். நம் வார்த்தையையே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

போன வருஷம்தான் எண்ணெய் வடிப்பதை முதல் தடவையாகப் போய்ப் பார்த்தேன். பெரிய ஸ்டீல் கலனில் நறுக்கிய வேரைத் திணித்து மூடி, அடியிலிருந்து நீராவி விடுகிறார்கள். வேரில் இருக்கும் எண்ணெயையும் தூக்கிக்கொண்டு ஆவி மேலேறும். குளிர்ந்த தண்ணீருக்குள் வளைந்து ஓடும் குழாய்க்கு வந்ததும் மறுபடி நீராகிச் சொட்டும். எலுமிச்சைப் புல் என்றால் இரண்டு மூன்று மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். வெட்டிவேருக்கு ராத்திரி முழுக்க அடுப்பு எரிய வேண்டும், சில சமயம் 20 மணி நேரம்கூட ஆகும். இந்த எண்ணெய் அவ்வளவு கெட்டி. எடையும் கிட்டத்தட்டத் தண்ணீரின் எடைதான். அதனால் சட்டென்று மேலே மிதந்து வராது. வடிந்த நீர் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி கலங்கி நிற்கும், பொறுமையாகத் தெளியவிட்டுத்தான் எடுக்கிறார்கள். 100 கிலோ காய்ந்த வேருக்கு ஒரு கிலோ எண்ணெய் கிடைத்தாலே நல்ல மகசூலாம். அப்படிப் பார்த்தால் ஒரு சொட்டுக்குள் ஐந்து கிராம் வேராவது இருக்கிறது.

இந்தக் கணக்கு எனக்கு முன்பே தெரிந்திருந்தால் என் பையனுக்கு அப்படிச் செய்திருக்க மாட்டேன். ஐப்பசி அடைமழை, வீட்டைச் சுற்றித் தண்ணீர், கொசு தாங்கவில்லை. எலுமிச்சைப் புல் எண்ணெய் கொசுவுக்கு ஆகாது என்று கேள்விப்பட்டு, அப்படியே உள்ளங்கையில் ஊற்றி அவன் இரண்டு காலிலும் தேய்த்துவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் முழங்காலுக்குக் கீழே சிவந்து, எரிகிறது என்று அழ ஆரம்பித்துவிட்டான். தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவியும் அடங்கவில்லை. அத்தைதான் ஓடி வந்தார்கள். "தண்ணியில எண்ண போவுமா? தேங்கா எண்ணெயக் கொண்டா" என்று சொல்லி, எண்ணெயில் நனைத்த பழைய வேட்டித் துணியால் துடைத்தார்கள். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவினோம். சிவப்பு மறைய மறுநாள் ஆனது. இந்த எண்ணெய்கள் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். எங்கள் வீட்டில் அதை முதலில் தெரிந்து வைத்திருந்தது அத்தைதான்.

இப்போது பத்து மில்லி தேங்காய் எண்ணெய்க்கு நாலு சொட்டு, அதற்கு மேல் விடுவதே இல்லை. புதிதாக ஒன்று வாங்கினால் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்க்கிறேன். எலுமிச்சைப் புல் வாசனை ஒன்றிரண்டு மணி நேரத்தில் பறந்துவிடும், மறுபடி தடவத்தான் வேண்டும். ராத்திரிக்குக் கொசுவலையை விட்டால் வேறு வழியில்லை.

நீலகிரித் தைலம் இல்லாத வீடு ஏது? சளி பிடித்தால் வெந்நீரில் இரண்டு சொட்டு விட்டு ஆவி பிடிக்கிறோம், மூக்கடைப்பு விட்ட மாதிரி இருக்கிறது. ஆனால் கைக்குழந்தையின் மூக்கருகே தடவுகிற பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். குழந்தைக்கு மூச்சுத் திணறும். குழந்தைகள் அதைக் கொஞ்சம் விழுங்கினால்கூட வலிப்பு வரை போகும். ஓமத் தண்ணீர் பாட்டிலும் தைலப் பாட்டிலும் ஒரே அலமாரித் தட்டில் இருந்தால் இன்றைக்கே ஒன்றை எடுத்து உயரத்தில் வையுங்கள்.

கிராம்பு எண்ணெயைப் பல்வலிக்குப் பஞ்சில் தொட்டு வைக்கிறோம். அதில் இருக்கும் யூஜினால் மரத்துப்போக வைக்கிறது, பல் டாக்டர்களும் அதைத்தான் சிமெண்டில் கலந்து பயன்படுத்துகிறார்கள். ஈறில் பட்டால் புண்ணாகிவிடும். வலி அடங்கிவிட்டது என்று டாக்டரிடம் போகாமலும் இருக்கக் கூடாது, சொத்தை அங்கேயேதான் இருக்கும்.

டவுனில் ஒரு கடையில் யூகலிப்டஸ் எண்ணெய் என்று வாங்கி வந்தேன். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு வைத்தேன். நல்ல தைலம் என்றால் கொஞ்ச நேரத்தில் சுத்தமாக ஆவியாகிவிடும். இதுவோ மறுநாள் காலையிலும் வடை மடித்த தாள் மாதிரி எண்ணெய்க் கறையோடு இருந்தது. ஏதோ எண்ணெயில் வாசனை கலந்து விற்றிருக்கிறார்கள். மனசு ஆறவில்லை. இரா முழுக்க அடுப்பைக் காத்துக்கொண்டு நிற்கிறவர்களை நேரில் பார்த்தவள் நான்.

வெட்டிவேர் எண்ணெயை நான் தலைக்குத்தான் வைக்கிறேன், நல்லெண்ணெயில் கலந்து, வெள்ளிக்கிழமை முழுகும்போது. குடிக்கிற தண்ணீரில் எண்ணெயை விடவே மாட்டேன், அதற்கு வேர் இருக்கிறது. சித்திரை பிறந்ததும் அத்தை புது மண்பானை வாங்கி, அலசிக் காயவைத்த வேரில் ஒரு பிடியை வெள்ளைத் துணியில் முடிந்து உள்ளே போடுவார்கள். இரண்டு நாளைக்கு ஒரு தடவை அந்த முடிச்சை எடுத்து வெயிலில் உலர்த்துவது இப்போது என் பையனின் வேலை.