புளியங்கட்டைக் கொட்டாப்புளி

என்னிடம் தோல் வேலை பழகும் பெண் சென்ற வாரம் தனக்கென்று கருவிகள் வாங்கப் போவதாகச் சொல்லி ஒரு சீட்டை நீட்டினாள். முதல் வரியில் "சுத்தியல், ஒரு கிலோ" என்று எழுதியிருந்தது. "கனமாக இருந்தால்தானே அக்கா அச்சு ஆழமாக விழும்?" என்று கேட்டாள். 14 ஆண்டுகளுக்கு முன்பு நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்று மாலை கடையைச் சாத்திய பிறகு கொட்டாப்புளி என்னும் மரச் சுத்தியலைப் பற்றி அவளிடம் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் பட்டறை கொடைக்கானலில், ஏரியிலிருந்து மேலே ஏறும் சாலையில் இருக்கிறது. பெல்ட், பர்ஸ், நோட்டு உறை செய்கிறோம். சீசன் ஓய்ந்த மாதங்களில் ஏரியைச் சுற்றிக் குதிரை விடுபவர்கள் சேணத்தின் வார்களையும் வயிற்றுப்பட்டைகளையும் கொண்டுவந்து போடுவார்கள். இன்று 5 மில்லிமீட்டர் எருமைத் தோல் என்றால் நாளை ஒரு மில்லிமீட்டர் ஆட்டுத் தோல். இரண்டையும் ஒரே கனத்தால் அடிக்க முடியாது.

தொடங்கிய புதிதில் அப்பாவின் இரும்புச் சுத்தியலை எடுத்துக்கொண்டேன். மூன்றே மாதத்தில், தோலில் கூடைப்பின்னல் வடிவத்தைப் பதிக்கும் நல்ல இரும்பு அச்சு ஒன்று பாழானது. இரும்பின் மேல் இரும்பு விழுந்தால் அச்சின் தலை காளான் குடைபோல ஓரம் விரிந்துவிடும், முலாம் உரியும். விரிந்த ஓரத்திலிருந்து எப்போது சில்லு தெறிக்கும் என்று தெரியாது, கண்ணுக்கு ஆபத்து. இப்போது அந்தச் சுத்தியல் ரிவிட் அடிக்க மட்டும்தான். அடுத்து வாங்கிய ரப்பர் சுத்தியலும் கைகொடுக்கவில்லை. டைல்ஸ் பதிப்பவருக்கு அது பொருத்தம். அச்சின் மேல் அடித்தால் பாதி வேகத்தை ரப்பரே விழுங்கிக்கொண்டு துள்ளும். அச்சும் கூடத் துள்ளி, ஒரு பூ விழ வேண்டிய இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு விழுந்திருக்கும். நனைத்த தோலில் விழுந்ததை அழிக்கவும் முடியாது.

பிறகு பதனிடாத எருமைத் தோலை இறுகச் சுருட்டித் தலையாக்கிய சுத்தியல் ஒன்றைத் தபாலில் வரவழைத்தேன். அடி மென்மையாக இறங்கும், துள்ளாது, அச்சின் தலையும் காயப்படாது. சமவெளியில் இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மூடுபனி ஜன்னல் வழியாகப் பட்டறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பச்சைத் தோல் ஈரத்தைக் குடித்துவிடும். அந்த ஆண்டு கார்த்திகை முடிவதற்குள் சுத்தியலின் முகம் ஊறிய அப்பளம் போலாகிவிட்டது. வெயில் வந்ததும் காய்ந்தது, ஆனால் சுருள் பிரிந்துவிட்டது. முகத்துக்கு அரக்கு பூசி வைத்திருந்தால் இன்னும் சில காலம் தாங்கியிருக்கும்.

எடையை விட வடிவம் முக்கியம் என்று எனக்குப் புரிய ஐந்தாறு ஆண்டுகள் ஆயின. சுத்தியல்போல் குறுக்கே தலை வைத்ததை விற்பவர்கள் மாலெட் என்கிறார்கள். உருளைத் தலையை நேராகப் பிடியில் கோத்ததை மால் என்கிறார்கள். நமக்கு இரண்டும் கொட்டாப்புளிதான், ஆனால் கைக்கு வேறு வேறு. குறுக்குத் தலைக்கு இரண்டே முகம். ஒவ்வோர் அடிக்கும் முகம் நேராக இருக்கிறதா என்று கண் அங்கே போகும். கண் இருக்க வேண்டியது அச்சின் அடியில், தோலின் மேல். முகம் சிறிது சாய்ந்தாலும் அச்சு சாயும், பின்னலின் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் நிழல்போலவும் விழும். உருளைக்கு எல்லாப் பக்கமும் முகம். கையில் எப்படிச் சுழன்றாலும் கவலையில்லை, தேய்மானமும் சுற்றிலும் சமமாக இருக்கும்.

அந்த உருளையும் நேர் உருளையாக இருக்கக் கூடாது. முழங்கையை ஊன்றி மணிக்கட்டை இறக்கிப் பாருங்கள், கை ஒரு வளைவில்தான் இறங்கும். பிடிப் பக்கம் ஒடுங்கி நுனிப் பக்கம் சற்றே அகன்ற தலையாக இருந்தால், அந்த வளைவின் முடிவில் அதன் பக்கவாட்டு அச்சின் தலையில் சமமாகப் போய் உட்காரும். வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது இந்தச் சாய்வைத்தான்.

மரத்துக்கு முதலில் வாட்டிலைப் பிடித்தேன். எங்கள் மலையின் புல்வெளிகளை விழுங்கி நிற்கும் இந்த மரம், தோல் பதனிடும் பட்டைக்காகத்தான் இங்கே கொண்டுவந்து நடப்பட்டது. தோலை வைத்துப் பிழைக்கும் எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கனக்கும். அதில் ஒரு கருவியாவது செய்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். விறகுக் கட்டையில் செதுக்கிய இரண்டும் காயும்போதே வெடித்தன.

திண்டுக்கல்லுக்கு மாதம் ஒருமுறை தோல் வாங்க இறங்குவேன். வத்தலக்குண்டு வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால் அரை நாள் போய்விடும். பூட்டுக்குப் பேர் போன ஊர், 2019இல் அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே கடைசல் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அப்படி ஒரு பட்டறையில் விஷயத்தைச் சொன்னதும் அந்த அண்ணன், "கறிக்கடையில் எந்தக் கட்டையில் வெட்டுகிறார்கள், பார்த்திருக்கிறாயா அம்மா?" என்று கேட்டார். புளியங்கட்டை. நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் கத்தி எத்தனை முறை விழுந்தாலும் லேசில் சிம்பு பெயராது. தம்மிடம் பல வருடம் காய்ந்த துண்டு ஒன்று இருப்பதாகச் சொல்லி மூலையிலிருந்து உருட்டி வந்தார். வெளிப்புறம் வெளிர்மஞ்சள், நடுவில் கத்திரிப்பூவும் காப்பியும் கலந்த நிறத்தில் வைரம்.

தலை நுனியில் 7.5 சென்டிமீட்டர் விட்டம், உயரம் 10 சென்டிமீட்டர் என்று அளவு கொடுத்தேன். பிடியைத் தனியாகச் செருகி ஆப்பு அடிக்கலாமா என்று கேட்டார். வேண்டாம், ஒரே கட்டையில் கடைந்து கொடுங்கள் என்றேன். மழைக்காலத்தில் ஊறி, தை மாதத்து உறைபனியில் காய்ந்து சுருங்கும் ஊரில் ஆப்பு எப்படியும் ஆட ஆரம்பித்துவிடும். கடைந்து முடித்துக் கையில் கொடுத்தபோது கட்டை இன்னும் சூடாக இருந்தது. புளியம்பழ வாசனை வரும் என்று எதிர்பார்த்தேன், வெறும் மரத்தூள் வாசனைதான். பட்டறைத் தராசில் 480 கிராம் காட்டியது. ஊருக்கு வந்து ஆளிவிதை எண்ணெயை மூன்று நாள் மாற்றி மாற்றித் தடவினேன். ஒன்பது ஆண்டுகளாகிறது. சுற்றிலும் சிறு குழிகள் விழுந்திருக்கின்றன, வெடிப்பு ஒன்றுகூட இல்லை.

எடை விஷயத்துக்கு வருகிறேன். பூ, பின்னல், எழுத்து அச்சுகளுக்கு 350 முதல் 500 கிராம் வரை போதும். வரைந்த கோட்டின் ஓரத்தைத் தாழ்த்தும் வேலைக்கு இன்னும் இலேசானது வேண்டும், ஏனென்றால் அங்கே அடி என்பது நிறுத்தாமல் தட்டிக்கொண்டே நகர்வது. சேண வாரில் ஆறு பல் பஞ்சை, அதாவது தையலுக்குத் துளை போடும் கருவியை, இறக்கும்போது மட்டும் 800, 900 கிராம் கேட்கும். அப்போதும் ஓங்கி அடிப்பதில்லை. தூக்கி, விழ விடுவேன், எடையே வேலையைச் செய்துவிடும். நாள் முழுக்க ஒரு கிலோவைப் பிடித்திருந்த காலத்தில் காலையில் தம்ளரைத் தூக்க முடியாமல் மணிக்கட்டு வீங்கி, இரண்டு மாதம் வேலையை நிறுத்தினேன். அதனால்தான் அந்தச் சீட்டைப் பார்த்ததும் எனக்குப் பதறியது.

ஆழம் வராததற்குக் கொட்டாப்புளியைக் குறை சொல்லும் முன் அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அச்சுக்குக் கருங்கல் பலகை வேண்டும், அதுவும் மேசைக் காலுக்கு நேர் மேலே. மேசையின் நடுவில் அடித்தால் மேசைப் பலகையே அடியை வாங்கிக்கொள்ளும். பஞ்சுக்குக் கல் ஆகாது, முனை மழுங்கிவிடும், பிளாஸ்டிக் வெட்டுப்பலகை போடுங்கள். தோலின் ஈரமும் அப்படித்தான். நனைத்த தோலைக் கன்னத்தில் வைத்தால் சில்லென்றிருக்க வேண்டும், நிறம் மட்டும் பழையபடி வெளுக்கத் தொடங்கியிருக்க வேண்டும். மூடுபனி நாளில் அதற்கு ஓர் இரவு ஆகும். அந்தப் பதத்தில் அடி விழுந்தால் "டொக்" என்று அடைத்த ஓசை வரும், பள்ளத்தின் அடி பழுப்பாகக் கறுக்கும்.

அவளுடைய கை என் கையை விடச் சிறியது. என் கொட்டாப்புளியைக் கொடுத்து இருபது அடி அடிக்கச் சொன்னேன். பன்னிரண்டாவது அடியிலேயே முழங்கை மேசையை விட்டு எழும்பியது. அவளுக்கு 350 கிராம், பிடி ஒரு விரல் மெல்லியதாக. சீட்டின் பின்பக்கத்தில் அளவை வரைந்து வாங்கிக்கொண்டேன். வியாழக்கிழமை திண்டுக்கல் போகிறேன்.