தஞ்சைக்கும் மதுரைக்கும் இடையே ஒரு மாவட்டம்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களுக்குத் தமிழ்நாட்டுப் பயணம் என்றால் ஏறக்குறைய ஒரே தடம்தான். குலதெய்வத்துக்குப் பொங்கல், நெருங்கிய சொந்தத்தில் ஒரு கல்யாணம், தஞ்சைப் பெரிய கோயில், மதுரை மீனாட்சி, இராமேசுவரம், கடைசியில் இரண்டு நாள் துணிக்கடை. ஜெர்மனியில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு திருச்சிக்குத் திரும்பிய பிறகு, அந்தத் தடத்தில் யாரும் வண்டியை நிறுத்தாமல் கடந்துபோகும் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சிறிது சிறிதாகப் பார்க்கத் தொடங்கினேன். தஞ்சையையும் மதுரையையும் விட்டுக்கொடுத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனாலும், சொந்த மாநிலத்தைப் புதிதாகப் பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் போய்த் தங்க வேண்டிய இடம் புதுக்கோட்டைதான் என்பது இப்போது என் உறுதியான கருத்து.

நாங்கள் இருந்த கொலோன் நகரில் உரோமானிய-ஜெர்மானிய அருங்காட்சியகம் என்று ஒன்று உண்டு. 1941-ஆம் ஆண்டில் விமானத் தாக்குதலுக்கு அஞ்சிப் பதுங்குமிடம் தோண்டியபோது வெளிப்பட்ட, டயோனிசஸ் என்ற மதுக் கடவுளின் தரைச்சித்திரத்தை, அது கிடைத்த இடத்திலேயே வைத்து, அதைச் சுற்றிக் கட்டிடத்தை எழுப்பியிருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து, அதன் ஒரு மூலையை மட்டும் வெகுநேரம் வரைந்துகொண்டிருப்பார்கள். ஒரு பொருளின் முன் அவசரமில்லாமல் நிற்கும் பழக்கம் எனக்கு அங்கே படிந்தது. அந்தப் பழக்கத்தோடு சித்தன்னவாசலுக்குள் நுழைந்ததை என் நல்வாய்ப்பாகக் கருதுகிறேன்.

சித்தன்னவாசல் புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் வழியில் இருக்கிறது. அங்குள்ள அறிவர் கோயில் சமணர்களுக்காகக் குடையப்பட்ட சிறிய குடைவரை. பத்துப் பேர் நின்றாலே நிறைந்துவிடும் அளவுக்குத்தான் இடம். மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர், 9-ஆம் நூற்றாண்டில் பாண்டியன் அவனிபசேகர சீவல்லபன் காலத்தில், இக்கோயிலின் உள்மண்டபத்தைப் புதுக்கி முகமண்டபத்தையும் எடுப்பித்தார் என்று அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு கூறுகிறது. ஓவியங்களை மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தவை என்று முன்பு எழுதிவந்தார்கள். இந்தக் கல்வெட்டு கிடைத்த பிறகு அவற்றைப் பாண்டியர் காலத்தோடு சேர்த்துப் பேசுகிறார்கள்.

நாங்கள் போனபோது காவலுக்கு இருந்த பெரியவர் விதானத்தின் மீது விளக்கை அடித்துக் காட்டவில்லை. "கண்ணு கொஞ்சம் பழகட்டுங்கம்மா, தானா தெரியும்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார். அவர் சொன்னபடியே நடந்தது. முதலில் பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாகத் தெரிந்த விதானத்தில், சிறிது நேரத்தில் ஒரு தாமரை இலை துலங்கியது. பிறகு இலைகளுக்கு நடுவே ஒரு மீன், கழுத்தைத் திருப்பிய அன்னம், எருமை, யானை என்று குளம் முழுவதும் உயிர்பெற்றது. குளத்தில் இறங்கிப் பூப்பறிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் தாமரைத் தண்டுகளைத் தோளில் சாய்த்திருக்கிறார், மற்றொருவர் கையில் பூக்கூடை தொங்குகிறது. பறித்த பூக்களின் கனம் அந்தத் தோளின் சாய்விலேயே தெரிகிறது. தூண்களில் ஆடும் பெண்களின் உருவங்கள் பெரிதும் அழிந்துவிட்டன. ஆனால் நீட்டிய ஒரு கையும் வளைந்த இடையும் எஞ்சியிருக்கின்றன, அவையே அந்த ஓவியரின் திறத்துக்குப் போதிய சான்று. கைக்கெட்டும் உயரத்தில் இருந்தவற்றின் மீது பெயர்களைக் கீறிவைத்திருப்பதைக் காணும்போது நெஞ்சு பதைக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சுண்ணாம்புப் பூச்சில் தங்கிய நிறத்தை ஆணியால் சுரண்ட எவருக்கும் உரிமை கிடையாது.

கருவறைக்குள் மூன்று சமண உருவங்கள் அமர்ந்த நிலையில் இருக்கின்றன. எல்லோரையும் பேச்சை நிறுத்தச் சொல்லிவிட்டு, மூச்சை இழுத்து விடச் சொன்னார் அந்தப் பெரியவர். அறையே முரல்வதுபோல் ஓர் அதிர்வு எழுந்து காதுக்குள் நின்றது. அதன் பிறகு என் மகள் வெளியே வர மறுத்துவிட்டாள்.

வெயிலில் வந்த களைப்பில் பலரும் அறிவர் கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள். மலையின் மறுபக்கம் இருக்கும் ஏழடிப்பட்டத்தைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்பது என் வேண்டுகோள். பாறை முகட்டைக் கடந்து, விளிம்பை ஒட்டி வெட்டிய படிகளில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினால், இயற்கையாக அமைந்த ஒரு குகைத்தளம் வருகிறது. அங்கே 17 கற்படுக்கைகள். ஒவ்வொன்றிலும் தலைமாட்டில் பாறையையே சற்று உயர்த்தித் தலையணை செதுக்கியிருக்கிறார்கள். அவற்றுள் பழமையான படுக்கையில் கிறித்துவுக்கு முற்பட்ட காலத்துத் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. எருமிநாட்டில் பிறந்த காவுடி என்பவருக்காக இளையர் செய்து கொடுத்த இருக்கை அது என்பது செய்தி. எருமிநாடு என்பதை மைசூர்ப் பகுதி என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். வேற்று நாட்டிலிருந்து வந்த துறவி ஒருவருக்கு இங்கிருந்தவர்கள் படுக்க இடம் செய்து கொடுத்து, அவர் பிறந்த நாட்டையும் மறக்காமல் கல்லில் குறித்திருக்கிறார்கள் என்பது, பிழைப்புக்காக வேறொரு நாட்டில் வாழ்ந்து திரும்பிய என்னை வெகுநேரம் அங்கேயே உட்காரவைத்தது.

நார்த்தாமலை திருச்சி - புதுக்கோட்டைச் சாலைக்கு அருகிலேயே இருக்கிறது. பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு அவ்வூருக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறவர்களில் எத்தனை பேர் மேலமலை ஏறியிருப்பார்கள் என்று தெரியவில்லை. மொட்டைப் பாறைமேல் நடந்து உச்சியைத் தாண்டியதும், கீழே சரிவில் விஜயாலய சோழீசுவரம் மேற்கு நோக்கி நிற்கிறது. 9-ஆம் நூற்றாண்டின் கற்றளி. வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம். முத்தரையர் குலத்துச் சாத்தன் பூதி எடுப்பித்த இக்கோயில் மழையில் சிதைந்ததையும், மல்லன் விடுமன் அதைப் புதுப்பித்ததையும் கல்வெட்டே சொல்கிறது. கோயிலுக்கு எதிரே பாறையில் இரண்டு குடைவரைகள். ஒன்று பழியிலி ஈசுவரம். மற்றொன்றில், அச்சில் வார்த்ததுபோல் ஒரே அமைதியில் 12 திருமால் உருவங்கள் ஆளுயரத்தில் வரிசையாக நிற்கின்றன. மாலை நான்கரை மணிக்குச் சாய்வெயில் நேராக அந்தக் கோயிலின் முகப்பில் பட்டு ஒளிரும்போது பார்க்க வேண்டிய இடம் இது.

இவ்வூருக்கு நகரத்தார்மலை என்ற பெயரும் உண்டு. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் சோழர் காலத்தில் இங்கே செல்வாக்கோடு இருந்தார்கள். அதே குழுவினர் 1088-ஆம் ஆண்டில் சுமத்திராவின் பாரூஸ் துறைமுகத்தில் தமிழில் கல்வெட்டுப் பொறித்தவர்கள். கடல் கடந்து போய்ப் பொருள் ஈட்டும் வாழ்க்கை நம் தலைமுறையில் தொடங்கியதாக நாம் பேசிக்கொள்கிறோம். இந்த வறண்ட பாறை நாட்டின் வழியாக அந்த வாழ்க்கை ஓடிக் கிட்டத்தட்ட ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன.

குடுமியான்மலைக்கு என் அம்மாவையும் அழைத்துச் சென்றேன். அம்மா இளவயதில் வீணை பயின்றவர். சிகாநாதசுவாமி கோயிலின் பின்புறம், குடைவரைக்குப் பக்கத்தில் உள்ள பாறை முகத்தில் இசைக் கல்வெட்டு இருக்கிறது. கிரந்த எழுத்தில், 38 வரிகளில், ஏழு பகுதிகளாகச் சுரங்களை மட்டுமே எழுதியிருக்கிறார்கள். உருத்திராசாரியரின் மாணாக்கரான ஓர் அரசர், பயிலும் மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்தார் என்று அதுவே குறிப்பிடுகிறது. வடமொழியில் அமைந்த கல்வெட்டின் முடிவில் மட்டும், எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரியன என்று ஒரு தமிழ்த் தொடர் வருகிறது. இசைக்கருவியின் நரம்புகளின் எண்ணிக்கையைச் சொல்வதாக அதற்குப் பொருள் கொள்கிறார்கள். இசைப் பாடத்தை ஒரு மலைச்சுவரில் எழுதிவைத்த நாடு நம்முடையது என்பதை அம்மா எழுபது வயதில் நேரில் கண்டார்கள். எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும், வரிகள் நான்கு நான்கு சுரக் கட்டுகளாகப் பிரிந்திருப்பதைப் பார்த்து, விரலால் தொடையில் தாளமிட்டபடியே ஒவ்வொரு கட்டாக எண்ணிக்கொண்டு போனார்கள். முன்மண்டபத்தில் ரதி, மன்மதன், பத்துத்தலை இராவணன் என நாயக்கர் காலத்துச் சிற்பங்கள் ஆளைவிடப் பெரிதாக நிற்கின்றன. வேறு எந்த நாட்டில் இருந்தாலும் அவற்றைப் பார்க்க வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். நாங்கள் போன அன்று எங்களைத் தவிர அங்கே அர்ச்சகர் மட்டுமே இருந்தார்.

விராலிமலைப் பக்கம் போகிறவர்கள் கொடும்பாளூர் மூவர் கோயிலைத் தவறவிடக் கூடாது. இருக்குவேளிர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த மூன்று கோயில்களில் இரண்டுதான் இன்று நிற்கின்றன; மூன்றாவதன் அடித்தளம் மட்டும் எஞ்சியிருக்கிறது. புல்தரையில் நின்று அந்த இரண்டையும் பார்க்கும்போது அவற்றின் அளவு கண்ணுக்கு இதமாக இருக்கிறது. சேதுபதி மன்னர் கட்டிய திருமயம் கோட்டையைக் காரைக்குடிச் சாலையில் போகும் எல்லோரும் பார்த்திருப்பார்கள் என்பதால் அதைப் பற்றி விரிக்கவில்லை. மலையடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் ஒரே பாறையில் அடுத்தடுத்துக் குடைந்த கோயில்களில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

மாசி மகத்தன்று கீரமங்கலம் அருகே குளமங்கலத்துக்குப் போனோம். அய்யனார் கோயிலின் முன்னே 33 அடி உயரக் குதிரை ஒன்று முன்கால்களைத் தூக்கி நிற்கிறது. சுற்றுவட்டார மக்கள் வண்ணக் காகிதப்பூ மாலைகளைச் சுருள் சுருளாக வாகனங்களில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். ஆட்கள் குதிரையின் மேலே ஏறி நின்று ஒவ்வொன்றாக வாங்கிப் போடப் போட, கழுத்தும் உடலும் மறைந்து நிறங்களால் ஆன ஒரு குன்று உருவாகிறது. மேலே சொன்ன எல்லாம் பழங்காலத்தவை. இது இந்த ஆண்டு, இந்த மக்களின் கையால் நடப்பது. புதுக்கோட்டையின் அருமை இந்த இரண்டும் ஒரே மண்ணில் இருப்பதுதான் என்று நான் நினைக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். மார்கழியிலிருந்து மாசி வரை ஏற்ற காலம். சித்திரையில் அந்தப் பாறைகளில் கால் வைக்க முடியாது. நகரிலேயே இரண்டு மூன்று இரவுகள் தங்குங்கள். புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான்கள் காலத்தில் நேர்கோடுகளாக வகுத்த இராஜவீதிகளில் காலையில் நடப்பதே ஒரு சுகம். திருக்கோகர்ணத்தில் 1910-இல் தொடங்கிய அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டால் மற்ற இடங்கள் எளிதில் விளங்கும். மலைகளில் தண்ணீர் கிடைக்காது, கையில் கொண்டுபோங்கள். காலிப் புட்டிகளைத் திரும்ப எடுத்துவாருங்கள். கைபேசி வெளிச்சத்தை ஓவியங்களின் மேல் அடிக்காதீர்கள்.

தஞ்சாவூர் வழியாகத் திரும்புகிறவர்கள் ஆதனக்கோட்டையில் வண்டியை நிறுத்தலாம். சாலையோரத்தில் பெண்கள் முந்திரிக்கொட்டையைச் சட்டியில் போட்டுத் தீப்பற்றும்வரை வறுத்து, புகை அடங்கியதும் கட்டையால் தட்டி ஓட்டை உடைத்துப் பருப்பை எடுக்கிறார்கள். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும் என்பதால் விரல்களில் சாம்பலைப் பூசிக்கொள்கிறார்கள். ஆங்காங்கே கருகிய புள்ளிகளோடு இருக்கும் அந்தப் பருப்பின் மணம், வெளுத்த முந்திரிக்கு வராது. கேட்கிற விலையைப் பேரம் பேசாமல் கொடுத்து வாங்குங்கள். அந்தக் கைகளைப் பார்த்தால் பேரம் பேச மனம் வராது.