வால்பாறை மழையில் எக்ஸ்டென்ஷன் டியூப்

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. அங்கே வரையாடுகள் ஆள் அரவத்தைக் கண்டுகொள்ளாமல் மேய்ந்துகொண்டிருக்கும். சின்னஞ்சிறு உயிர்களைப் பெரிதாக எடுக்க லென்ஸின் பின்னால் மாட்டும் எக்ஸ்டென்ஷன் டியூபை கேமராவில் ஏற்கெனவே மாட்டிவைத்திருந்தால் பத்தடியில் நிற்கும் வரையாடுகூட வெறும் பழுப்புத் திட்டாகத்தான் தெரியும். டியூப் ஏறிவிட்டால் தூரம் என்பதே அந்த லென்ஸுக்குக் கிடையாது. 300 மி.மீ. லென்ஸின் பின்னால் 36 மி.மீ. டியூப் போட்டால் 2.8 மீட்டருக்கு அப்பால் எதுவும் ஃபோகஸ் ஆகாது. ஆகவே மலை ஏறி முடியும்வரை டியூப் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

டியூபுக்குள் கண்ணாடி கிடையாது. லென்ஸுக்கும் கேமரா பாடிக்கும் நடுவே வரும் வெற்றுக் குழாய், அவ்வளவே. படம் பதியும் சென்சாரை விட்டு லென்ஸ் விலக விலக, இன்னும் கிட்டத்தில் இருப்பது ஃபோகஸ் ஆகும், பெரிதாகவும் விழும். கணக்கு எளிது: டியூபின் நீளத்தை லென்ஸின் குவிய நீளத்தால் வகுத்து, லென்ஸின் சொந்த உருப்பெருக்கத்தோடு (சென்சாரில் விழும் உருவம் நிஜ அளவில் எத்தனை மடங்கு என்பது) கூட்டினால் போதும். 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸின் சொந்தப் பெருக்கம் சுமார் 0.2. அதோடு 36 மி.மீ. டியூப் சேர்த்தால் 0.72 கூடி 0.9-ஐத் தாண்டும். 12, 20, 36 மி.மீ. டியூப் மூன்றையும் அடுக்கினால் ஒன்றரை மடங்கு. அதே 36, 300 மி.மீ. லென்ஸில் வெறும் 0.12தான் கூட்டும். பெரிய ஜூம் வைத்திருப்பவர்கள் டியூபுக்குச் செலவழிப்பதைவிட, லென்ஸின் முன்னால் மாட்டும் நல்ல குளோஸ்அப் லென்ஸ் வாங்குவது மேல். 18 மி.மீ.யில் டியூப் போட்டுப் பார்ப்பது வீண்வேலை. ஃபோகஸ் ஆகும் இடம் லென்ஸின் முன்கண்ணாடிமேலேயே, சில சமயம் அதற்கு உள்ளேயே விழுந்துவிடும். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸ்தான் இருக்கிறது என்றால் 55-இல் நிறுத்தி 20 மி.மீ. டியூப் போடுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரையான தென்மேற்குப் பருவமழைதான் இதற்கான காலம். காட்டுக்குள் போக வேண்டியதில்லை. ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் அனுமதியின்றி நுழையவும் முடியாது. சாலையோரத்து மண்சுவரே போதும். பாசி, கசியும் தண்ணீர், அதில் தொற்றி நிற்கும் காட்டுக் காசித்தும்பை, கடுகளவு குடை விரித்த காளான் எல்லாம் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும். எஸ்டேட் பாதை என்றால் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

மழையில் டியூபை மாற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் சென்சார் திறந்து கிடக்கிறது, பனி உள்ளே போகிறது. எனவே எதை எடுக்கப்போகிறோம் என்று அறையிலேயே முடிவு செய்து, ஒரே அமைப்போடு கிளம்ப வேண்டும். ஏபிஎஸ்-சி எனும் சிறிய வகை சென்சாரின் அகலம் சுமார் 23 மி.மீ. என்பதை மனதில் வைத்தால் முடிவெடுப்பது சுலபம். இலைமேல் உட்கார்ந்து கத்தும் புதர்த்தவளை இரண்டு மூன்று சென்டிமீட்டர், 50 மி.மீ. லென்ஸோடு 20 மி.மீ. டியூப் அதற்குச் சரி. 36 போட்டால் தவளையே படத்தை நிறைத்துவிடும். குதிக்கும் சிலந்திக்கு மூன்றும் வேண்டும். ஆனைமலைப் பறக்கும் தவளையோ, சிவந்த உடலோடு ஊரும் இந்த்ரெல்லா நத்தையோ கண்ணில் பட்டால் 12 மி.மீ.யே தாராளம். 32 மி.மீ. வேண்டுமே என்று 12-ஐயும் 20-ஐயும் சேர்ப்பதைவிட 36 ஒன்றையே போடலாம். இணைப்பு கூடக்கூட ஆட்டம் கூடும், மின்தொடர்பு விட்டுப்போய் கேமரா எர்ரர் காட்டும். காட்டினால் கழற்றி, தொடர்புப் புள்ளிகளை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து மாட்டுங்கள்.

புதிதாகப் பழகுபவர் எல்லோரும் மாட்டிக்கொள்வது ஃபோகஸில்தான். 50 மி.மீ.யும் 36-உம் சேர்ந்தால், ஃபோகஸ் வளையத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பினாலும் ஃபோகஸ் முன்பின் நகர்வது ஒன்றரை சென்டிமீட்டர் மட்டுமே. ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடித் தேடிச் சோர்ந்துவிடும். அதை அணைத்துவிடுங்கள். வளையத்தை ஒரு நிலையில் விட்டுவிட்டு, உடம்பை மெல்ல முன்னே சாய்த்து, கண் கூர்மையாகும் நொடியில் தொடராக ஐந்தாறு படம் அழுத்த வேண்டும். ஒன்று தேறும். முழங்கை தரையிலோ முட்டியிலோ ஊன்றியிருக்கட்டும். ஒரு மடங்குப் பெருக்கத்தில் அபர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளை; எண் கூடினால் துளை சிறிது) எஃப்/11 வைத்தாலும் கூர்மையாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வண்ணத்துப்பூச்சி என்றால் சென்சாரும் இறக்கையும் இணையாக இருக்கும்படி பக்கவாட்டில் வாருங்கள். சிலந்தி என்றால் முன்னிரண்டு கண்ணைத் தவிர மற்றதை மறந்துவிடலாம்.

எஃப்/22 வைத்து ஆழத்தைக் கூட்டலாமே என்று தோன்றும். வேண்டாம். ஒரு மடங்கில் எஃப்/11 என்பது வெளிச்சக் கணக்கிலும், சிறு துளையில் ஒளி வளைந்து பரவும் சிதறல் கணக்கிலும் எஃப்/22 ஆகிவிடுகிறது, இரண்டு ஸ்டாப் வெளிச்சம், அதாவது நான்கில் மூன்று பங்கு, அங்கேயே போய்விடும். இன்னும் மூடினால் படம் முழுவதும் மழுங்கும்.

மூடுபனி வெளிச்சம் அழகாக இருக்கும், ஆனால் போதாது. நகரும் உயிருக்கு ஃபிளாஷ் தவிர வழியில்லை: மேனுவல் மோட், 1/200 விநாடி, எஃப்/11, ஐஎஸ்ஓ 200 அல்லது 400. பாடியோடு வரும் ஃபிளாஷை அப்படியே அடித்தால் நீண்ட லென்ஸின் நிழல் படத்தின் அடியில் அரைவட்டமாக விழும். வெளி ஃபிளாஷை லென்ஸ் நுனிவரை கொண்டுவந்து, முன்னால் டிரேசிங் பேப்பரோ மெல்லிய வெள்ளை ஃபோம் ஷீட்டோ கட்டுங்கள். விளக்கு பெரிதாகவும் கிட்டத்திலும் இருந்தால்தான் ஈரத்தோலில் வெள்ளைப் புள்ளிகள் எரியாது. நத்தையும் தவளையும் இந்த விஷயத்தில் பொல்லாதவை. தவளைக்கு இரண்டு மூன்று ஃபிளாஷோடு விட்டுவிடுவது மரியாதை. காளானுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. டிரைபாட், ஐஎஸ்ஓ 100, இரண்டு விநாடி டைமர், பின்னாலிருந்து சின்ன எல்இடி டார்ச் போதும். குடையின் அடிமடிப்புகள் விளக்கு ஏற்றியதுபோல் ஒளிரும். காற்று அசைக்கும் தண்டை, அருகில் ஊன்றிய குச்சியோடு துணி கிளிப்பால் லேசாகப் பிடித்துக்கொள்ளலாம்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் திருகு வளைய டியூபில் மின்தொடர்பு இருக்காது. ‘லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கு’ என்ற அமைப்பை முதலில் திறந்துவைக்க வேண்டும். கேனான் டிஎஸ்எல்ஆரில் அபர்ச்சர் முழுதாகத் திறந்தே நிற்கும். லென்ஸை நேரே பாடியில் மாட்டி, எஃப்/11 வைத்து, டெப்த் ஆஃப் ஃபீல்டு பட்டனை அழுத்திப் பிடித்தபடியே லென்ஸைக் கழற்றினால் அந்த அளவிலேயே நின்றுவிடும். பிறகு டியூபோடு சேருங்கள். அபர்ச்சர் வளையம் இல்லாத நிக்கான் ஜி வகை லென்ஸில் தலைகீழ்ச் சிக்கல்: அபர்ச்சர் முழுதாக மூடிக்கொண்டு வ்யூஃபைண்டர் இருட்டாகிவிடும். அபர்ச்சர் வளையம் உள்ள பழைய லென்ஸ்தான் அதற்கு ஏற்றது. கேனானின் எஸ்டிஎம் (ஸ்டெப்பிங் மோட்டார்) லென்ஸ்களும் மிரர்லெஸ் லென்ஸ்கள் பலவும் மின்சாரம் இல்லாவிட்டால் கையால்கூட ஃபோகஸ் ஆகாது. இந்த வகைக்கு மின்தொடர்புள்ள டியூபே வாங்கிவிடுங்கள்.

அட்டைக்கு லீச் சாக்ஸ் போடுங்கள். கொசுவிரட்டி க்ரீம் தடவிய கையோடு கேமராவைத் தொடாதீர்கள். அதிலுள்ள டீட் என்ற வேதிப்பொருள் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் கரைக்கும். அந்தக் கையால் தவளையைத் தொடுவது இன்னும் மோசம், அதன் தோல் எல்லாவற்றையும் உறிஞ்சும். குந்தியபடி வ்யூஃபைண்டருக்குள் கண்ணைப் பதித்தவருக்கு அக்கம்பக்கம் தெரியாது. வால்பாறைத் தோட்டங்களில் யானை நடமாட்டத்தைச் சொல்லும் சிவப்பு விளக்குக் கம்பங்கள் உண்டு. விளக்கு எரிந்தால் அன்றைக்குச் சிலந்தி வேண்டாம். எரியாவிட்டாலும் கூட ஒருவர் நின்று பார்த்துக்கொள்வது நல்லது.

டியூப் இணைப்புகளில் பெரும்பாலும் ரப்பர் வளையம் இருக்காது, தூறல் நேரே உள்ளே இறங்கும். குளியல் தொப்பி ஒன்றை மேலே கவிழ்த்துக்கொள்ளுங்கள். அறைக்குத் திரும்பியதும் வெளிப்புறத்தைத் துடைத்து, ஈரம் போனபின் டியூபைத் தனியாகக் கழற்றி, லென்ஸோடு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். ஈரப் பையிலேயே விட்டுவைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும்.