கால்வாய்க்கரை, வண்டித்தடம், வரப்பு: மேட்டூரிலிருந்து பூலாம்பட்டிவரை மூன்று முயற்சி

சேலத்தில் கியர் வைத்த மலைச் சைக்கிள் வாங்கும் எல்லாரும் அதை முதலில் திருப்புவது ஏற்காடு அடிவாரத்துப் பக்கம்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கி ஒரு வருடம் ஓட்டினேன். காலுக்கும் மூச்சுக்கும் அது நல்ல பயிற்சி. ஆனால் முழுக்கத் தார் ரோடு. மண்ணைப் பிடிக்க ரப்பர் முண்டுகள் துருத்திக்கொண்டிருக்கும் பட்டன் டயருக்கும், முன்பக்க ஸ்பிரிங் போர்க்குக்கும் அங்கே வேலையே இல்லை. அதனால் போன வருடம் மே மாதம் சைக்கிளை மேற்கே, காவிரிப் பக்கம் திருப்பினேன்.

வைத்துக்கொண்ட இலக்கு ஒன்றுதான். மேட்டூரில் புறப்பட்டு, கிழக்குக்கரைக் கால்வாய் ஓரமாகவும், கரைத்தடம் விட்டுப்போகும் இடங்களில் தோட்டங்களுக்கு நடுவிலுள்ள வண்டித்தடத்திலும் ஓட்டி, தார் ரோட்டை முடிந்தவரை தொடாமல் பூலாம்பட்டி படகுத்துறைக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் எத்தனை தடவை தரையில் கால் ஊன்றுகிறேன் என்று எண்ண வேண்டும்; எண்ணிக்கை குறையக் குறைய ஓட்டம் நல்ல ஓட்டம். வளைந்து நெளிந்து போனதில் என் மீட்டரில் 24 கி.மீ. காட்டியது. பெரிய ஏற்றம் எதுவும் கிடையாது. சமதளம்தானே, இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

முதல் முயற்சி ஜூனில். சனிக்கிழமை ராத்திரி மேச்சேரியில் சித்தப்பா வீட்டில் தங்கி, விடிகாலையில் கிளம்பினேன். கால்வாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கிழக்கு, மேற்கு கால்வாய்களுக்கு மேட்டூரில் தண்ணீர் விடுவது வழக்கமாக ஆகஸ்டு 1-ல்தான். அணையில் இருப்பு இருந்தால் டிசம்பர் 15 வரை, மொத்தம் 137 நாள் போகும். ஜூன் 12-ல் திறக்கும் தண்ணீர் டெல்டாவுக்கு. அது ஆற்றோடு போய்விடும். ஆகவே கரை காய்ந்து, தடம் கெட்டியாக, புழுதி பறக்கக் கிடந்தது. ஓட்டுவதற்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு 45 பிஎஸ்ஐ காற்று அடித்துக்கொண்டு போனேன்.

ஏழாவது கிலோமீட்டரில் பின் டயர் இறங்கியது. ஒன்பதாவதில் முன் டயர். கையில் இருந்த மாற்று டியூப் இரண்டும் தீர்ந்தன. உட்கார்ந்து டயரைத் தடவிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. காய்ந்து உதிர்ந்த நெருஞ்சி முள். கடலையளவுதான் இருக்கும், எப்படி விழுந்தாலும் ஒரு கொம்பு மேலே நிற்கும். அதோடு சீமைக்கருவேல் முள் வேறு. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்து ஊர் பஞ்சர் கடையில் கொடுத்தேன். அண்ணன் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி எண்ணினார். ஒரே டியூபில் பதினோரு இடத்தில் குமிழி வந்தது. அன்றைக்கு அதோடு சரி.

திரும்பி வந்து இரண்டு சக்கரத்தையும் டியூப்லெஸ்ஸாக மாற்றினேன். உள்ளே ஊற்றும் சீலன்ட் பால், முள் குத்திய துளையில் வெளியே வரும்போதே உறைந்து அடைத்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய லாபம், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கிக் கிழியும் பயம் இல்லாமல் காற்றைக் குறைக்கலாம். காற்றைக் குறைத்தால் டயர் தரையில் அகலமாகப் படியும். இளகிய மண்ணில் புதையாது, கல்லில் துள்ளாது. உத்தமசோழபுரம் பக்கம் திருமணிமுத்தாற்றங்கரையில் ஒரே தடத்தை வைத்துக்கொண்டு தினமும் காலையில் ஒவ்வொரு பிஎஸ்ஐயாகக் குறைத்து ஓட்டிப் பார்த்தேன். என் எடை 68 கிலோ. 22-க்கு வந்தபோது ஒரு கல்லில் ரிம் 'டங்' என்று இடித்தது. கடைசியில் முன்னால் 23, பின்னால் 26 என்று நிலைத்தது. சேர்வராயன் மலையில் பிறந்து வருகிற ஆறு அது. நகரத்தைக் கடந்து வரும்போது சாயக்கழிவும் சாக்கடையும் சேர்ந்து, சில நாள் பாலத்தடியில் நுரை தள்ளிக்கொண்டு நிற்கும். பக்கத்திலேயே கரபுரநாதர் கோயில். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட்டிய அந்தக் காலைகளை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது.

இரண்டாவது முயற்சி செப்டம்பரில். ஜூனில் பார்த்த அதே இடம்தானா என்று நின்று பார்த்தேன். கால்வாய் கரை தொட்டு ஓடியது. ஒரு பக்கம் சேற்றுழவு, இன்னொரு பக்கம் நடவு, நடுவில் வாழையும் மஞ்சளும். முள் ஒரு தொந்தரவும் செய்யவில்லை. இந்தத் தடவை மடக்கிப் போட்டது மண்.

அன்றைக்குக் கற்றுக்கொண்டதுதான் இந்த மொத்த அனுபவத்திலும் எனக்குப் பெரியது: பயிரைப் பார்த்தால் மண் தெரிந்துவிடும். ரெண்டு பக்கமும் நிலக்கடலையோ குச்சிக்கிழங்கோ (மரவள்ளி) இருந்தால் அது மணல் கலந்த செம்மண். ராத்திரி மழை பெய்திருந்தாலும் மத்தியானத்துக்குள் வடிந்துவிடும், தைரியமாக மிதிக்கலாம். நெல் வயல் வந்துவிட்டால் களிமண். பத்து சுற்றுக்குள் டயரில் அப்பி, போர்க்குக்கும் டயருக்கும் நடுவில் இறுகி, சக்கரம் நின்றுவிடும். ஒரு மூங்கில் குச்சியை ஒடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நின்று நின்று சுரண்டினேன். தென்னந்தோப்பு ஆற்றை ஒட்டி இருந்தால் பெரும்பாலும் பொடிமணல். அங்கே சின்ன கியர் போட்டு, உடம்பைப் பின்னால் தள்ளி, ஹேண்டிலைத் திருப்பாமல் ஒரே சீராக மிதிக்க வேண்டும். எழுந்து நின்று மிதித்தால் பின் சக்கரம் அங்கேயே குழி பறிக்கும். களிமண் தடத்திலும் ஒரு வழி உண்டு: வண்டிச் சக்கரம் போன பள்ளத்தை விட்டுவிட்டு, நடுமேட்டில் அருகம்புல் படர்ந்த இடத்திலேயே ஓட்டுவது. புல் வேர் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது.

இதெல்லாம் புரிவதற்குள் ஒரு தப்புச் செய்துவிட்டேன். தடம் முழுக்கச் சேறாக இருந்ததால், பக்கத்தில் வழவழவென்று சுத்தமாகத் தெரிந்த ஒரு வரப்பில் சைக்கிளை ஏற்றினேன். பத்தடி போவதற்குள் வயலுக்குள்ளிருந்து ஒரு பெரியவர் கை காட்டினார்.

"ஏனுங் தம்பி, எறங்கிக்குங்க சாமி. நேத்துத்தான் அண்டை வெட்டி மண்ணு அணைச்சிருக்குது."

இறங்கித் திரும்பிப் பார்த்தேன். மண்வெட்டியால் இழைத்து மெழுகியதுபோல இருந்த வரப்பில், என் டயரின் பட்டன்கள் வரிசையாகக் குத்தியிருந்தன. அவர் கிட்டே வந்து, குனிந்து, ஒவ்வொரு குழியையும் சேற்றை அள்ளி வழித்து மூடினார். "இதுல ஒரு எடம் கசிஞ்சாப் போதுமுங்க. நண்டு வளை இருந்துச்சுன்னா ராத்திரியே ஒடச்சுக்கும். வெடியறதுக்குள்ள வயல்ல தண்ணி நிக்காது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நானும் குனிந்து மிச்சத்தை மூடினேன். அவர் கை ஒரு இழுப்பில் செய்ததை என்னால் நாலு இழுப்பிலும் செய்ய முடியவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறவன் நான், கைநேர்த்தி எது என்று பார்த்தவுடன் தெரியும். அந்த வரப்பு அப்படிப்பட்ட வேலை.

அன்று கால் ஊன்றியது 37 தடவை. இருட்டுவதற்குள் பூலாம்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தேன், அவ்வளவுதான்.

அடுத்த மூன்று மாதமும் சேற்றுக்காகவே தயார் செய்தேன். பின்னால் இருந்த 2.2 அங்குல டயரை எடுத்துவிட்டு, பட்டன்களுக்கு நடுவே இடைவெளி அதிகமுள்ள டயர் போட்டேன். சீட்டை இரண்டு விரல்கடை இறக்கினேன்.

மூன்றாவது முயற்சி இந்த ஜனவரியில், பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. தண்ணீர் நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது. சேறே இல்லை! ஆனால் உழவின்போது டிராக்டர் கேஜ் வீல் (சேற்றுழவுக்கு மாட்டும் இரும்புக் கம்பிச் சக்கரம்) போட்டு ஏறி இறங்கிய தடமெல்லாம் அப்படியே காய்ந்து, படுக்கப் போட்ட ஏணி மாதிரி கல்லாகக் கிடந்தது. உட்கார்ந்து ஓட்டினால் பல் கிட்டித்துப்போகும். பெடலில் எழுந்து நின்று, முட்டியை மடக்கி, கையைத் தளரவிட்டு, சைக்கிள் கீழே ஆடிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். இறக்கி வைத்த சீட் இதற்குத்தான் உதவியது. ஒரு இடத்தில் கரும்பு வெட்டிய தோட்டத்துச் சோகை, அதாவது காய்ந்த கரும்பு இலை, தடம் முழுக்கக் கிடந்தது. அது பின் கியரில் சுற்றிக்கொண்டதில் செயின் பூட்டிக்கொண்டது. கத்தி மாதிரி ஓரம், பிடுங்கும்போது இரண்டு விரலில் கீறிவிட்டது. இனிமேல் கரும்பு வெட்டு நடக்கும் தடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவேன்.

கால் ஊன்றியது 6 தடவை. நேரம் இரண்டே முக்கால் மணி. பூலாம்பட்டியில் கதவணைத் தண்ணீர் தேங்கி, காவிரி ஏரி மாதிரி அசையாமல் நின்றது. சைக்கிளோடு படகில் ஏறி எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டைக்குப் போய், டீ குடித்துவிட்டு அடுத்த படகில் திரும்பினேன். படகில் பைக்கோடு வந்த ஒருவர் என் டயரைக் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "காத்து கம்மியா இருக்குதே" என்று கவலைப்பட்டார். விளக்கிச் சொன்னேன். முழுக்க நம்பவில்லை.

மேட்டூருக்கு அதே வழியில் திரும்பும்போது அந்தப் பெரியவர் அறுத்த வயலில் மாட்டுக்கு வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தார். சைக்கிளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"அந்த வரப்புத் தம்பிதானுங்க? இப்பப் போங்க சாமி. நல்லாக் காஞ்சு கெடக்குது."

ஒன்றரை அடி அகலம் இருக்கும். இரண்டு பக்கமும் அறுத்த தாள் குத்திட்டு நின்றது. சின்ன கியர் போட்டு ஏறினேன். சக்கரத்தைப் பார்க்காமல், வரப்பு முடியும் இடத்தில் இருந்த மோட்டார் ரூமின் நீலக் கதவையே பார்த்துக்கொண்டு மிதித்தேன். செப்டம்பரில் அவர் வழித்து மூடிய இடம் எது என்று கடக்கும்போது தேடினேன், தெரியவில்லை. நீலக் கதவுவரை கால் ஊன்றவில்லை.