ஊட்டிக் குளிரில் யூனிட் கணக்கு

டிசம்பர் 3, 2022

கரண்ட் ரீடிங் எடுத்துப் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் 81 யூனிட். பீரோவிலிருந்து வெள்ளை அட்டையை எடுத்துப் பார்த்தேன். போன வருஷம் இதே குளிரில் இரண்டு மாதத்துக்கும் சேர்த்தே 310தான், கட்டியது 560 ரூபாய்.

அம்மாவுக்கு ஆக்சிஜன் கொடுக்கும் மெஷினின் பின்பக்கம் 350 வாட் என்று ஒட்டியிருக்கிறது. ராத்திரி பகல் ஓடினால் நாளைக்கு 8.4 யூனிட், அறுபது நாளைக்கு 504. விளக்கு, கீசர், ஃபிரிட்ஜ் எதையும் இன்னும் சேர்க்கவில்லை.

டிசம்பர் 4

அம்மாவின் விரலில் மாட்டிப் பார்த்த ஆக்சிஜன் அளவு காலையில் 90. பாத்ரூம் போய் வந்தால் 85.

டிசம்பர் 6

தீபம். ஆக்சிஜன் ஓடும் அறைப்பக்கம் நெருப்பே கூடாது என்பதால் வாசற்படியில் மட்டும் அகல் வைத்தேன். கட்டிலிலிருந்து தெரியவில்லை என்றாள் அம்மா. கட்டிலைத் திருப்பிப் போட்டேன், ட்யூப் எட்டியது.

டிசம்பர் 8

தூக்கம் வரவில்லை. பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

செப்டம்பர் 10 முதல் புது ரேட். முதல் 100 இலவசம். 500-க்குள் நின்றால் அடுத்த 100-க்கு 2.25, அதன்பின் 400 வரை 4.50, அப்புறம் 6 ரூபாய். மொத்தம் 1,725. முன்பு இதே 500-க்கு 1,130. சரி, ஏறியது ஏறியதுதான். ஆனால் 501 ஆகிவிட்டால் அந்த 2.25 போய்விடுகிறது, 101-லிருந்தே 4.50. பில் 1,958. 500-க்கும் 501-க்கும் நடுவில் 233 ரூபாய்! 500-க்கு மேல் 8, 600-க்கு மேல் 9, 800 தாண்டினால் 10.

இப்போது ஓடுகிற வேகத்தில் 780 வரும். 4,370 ரூபாய்.

மெஷினைக் குறைக்க முடியாது. அதை இந்தக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. அது மூச்சு. மிச்சத்தில்தான் கை வைக்க வேண்டும்: அம்மா அறை ஹீட்டர், கீசர், ஃபிரிட்ஜ், மோட்டார். இதெல்லாம் சேர்ந்து 280-ஐ ஒட்டி வருகிறது. இதை 100-க்குக் கொண்டுவந்தால் 600-ஐ ஒட்டி நிற்கும், பில் 2,750 சொச்சம். ஒவ்வொரு யூனிட்டும் ஒன்பது ரூபாய்.

மணி இரண்டரை. மெஷின் சத்தம் நின்றால்தான் பயம், ஓடினால் தூக்கம் வரும் என்று பழகிவிட்டது. இன்றைக்கு அப்படியும் வரவில்லை.

டிசம்பர் 10

மாண்டஸ் புயல் நேற்று ராத்திரி மாமல்லபுரம் பக்கம் கரையேறியது. தங்கைக்குப் போன் போட்டால் காலைவரை கரண்ட் இல்லை என்கிறாள். நலமாக இருக்கிறார்கள்.

அவள் வீட்டு யூனிட்டைக் கேட்டேன். இப்போது 190, பில் 200 சொச்சம். மே மாதத்தில் ஏசி போட்டு 640. நாங்கள் மே மாதத்தில் 120 தாண்டியதில்லை. அவர்களுக்குக் கோடை, எங்களுக்கு மார்கழி. இலவச 100 மட்டும் மலைக்கும் சமவெளிக்கும் ஒன்றுதான். இங்கே குளிருக்குச் சூடு வைப்பதை ஆடம்பரமாக நினைக்கிறவர்கள் ஒரு தை மாதம் வந்து இருந்து பார்க்கட்டும்.

டிசம்பர் 12

"கீசரை நிறுத்து, கேஸில் தண்ணி வை, மிச்சம்" என்று எதிர்வீட்டு அக்கா சொன்னார். கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

15 லிட்டர் கீசர். இங்கே குழாய்த் தண்ணீர் 12 டிகிரி, 45-க்குக் கொண்டுவர அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். ஒன்பது ரூபாய் ரேட்டிலும் ஐந்தேகால் ரூபாய்தான். கேஸ் சிலிண்டர் ஆயிரத்தைத் தாண்டி நிற்கிறது. 14.2 கிலோவில் இருக்கிற சூட்டைக் கரண்ட் கணக்குக்கு மாற்றினால் 180 யூனிட் போல. அதில் பாதிதான் பாத்திரத்துக்குப் போகும், மீதி சமையலறைக் காற்றுக்கு. யூனிட்டுக்கு 11, 12 ரூபாய் வந்துவிடுகிறது. கேஸ் மிச்சமே இல்லை. அக்காவிடம் சொன்னால் நம்பவில்லை. ஆனால் கீசரை நாள் முழுக்கப் போட்டு வைக்காமல் குளிக்கும் முன் பத்துப் பதினைந்து நிமிஷம் போட்டால் போதும். அதை இன்றே ஆரம்பித்தேன்.

ஃபிரிட்ஜ் அணைத்தாயிற்று. ஜன்னலோரம் வைத்த பால் இந்தக் குளிரில் கெடுவதில்லை.

டிசம்பர் 15

காலை 82. விரல் ஜில்லென்று இருந்தது, அதனால் இருக்கும் என்று தேய்த்துவிட்டு மறுபடி மாட்டினேன். 83. குனிந்து மெஷினைப் பார்த்தால், நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் ஆக்சிஜன் என்று காட்டும் குண்டுமணி 1-இல் நிற்கிறது. 2-இல் இருக்க வேண்டும்.

"நான்தான் குறைச்சேன். ரெண்டு ஓடினா ரெண்டு மடங்கு கரண்ட் இழுக்குமே. நீ ராத்திரியெல்லாம் கணக்குப் போடறியே, தெரியாதா எனக்கு?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. எத்தனை ராத்திரியாக இப்படித் திருப்பி வைத்தாளோ.

டிசம்பர் 16

காட்டினேன்.

மீட்டரில் 3200 என்று போட்டிருக்கும். அந்தச் சிவப்பு விளக்கு 3200 தடவை மின்னினால் ஒரு யூனிட். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்தேன், மெஷின் மட்டும். அம்மாவின் கையில் அப்பாவின் பழைய வாட்ச். வாசல் திண்ணையில் மீட்டருக்கு நேரே நின்று போனில் வீடியோ எடுத்தேன். 2-இல் வைத்து ஒரு நிமிஷம்: 19. உள்ளே போய், விரலில் மாட்டியதைப் பார்த்துக்கொண்டே, 1-இல் வைத்து ஒரு நிமிஷம்: 19. உடனே 2-க்குத் திருப்பிவிட்டேன். உள்ளே கம்ப்ரஸர் ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது, குமிழைத் திருப்பினால் மூக்குக்கு வருவதுதான் குறைகிறது.

வீடியோவை அவளே இரண்டு முறை எண்ணினாள். "அப்ப எனக்குக் குறைச்சாலும் ஒரு பைசா குறையாதா?" "குறையாதும்மா." அப்புறம் ஹீட்டர் போட்டு ஒரு வீடியோ. எண்ணவே முடியாத வேகம். "இதை நிறுத்து," என்றாள்.

ஹீட்டருக்குப் பதில் வெந்நீர்ப் பை இரண்டு, கம்பளி, காலுக்கு உல்லன் சாக்ஸ். மாலை 91.

டிசம்பர் 19

ஈ.பி. ஆபீஸ். ஆதார் இணைக்க நல்ல கூட்டம், தனி கவுன்ட்டர் போட்டிருக்கிறார்கள். இணைத்தால் 100 யூனிட் இலவசம் போய்விடும் என்று வரிசையில் ஒருவர் பயமுறுத்திக்கொண்டே இருந்தார். போகாது என்று அமைச்சரே சொல்லியாயிற்று.

எங்கள் இணைப்பு இன்னும் அப்பா பெயரில். பெயர் மாற்றத்துக்கு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. வாங்கி வைத்திருக்கிறேன், கொடுக்க மனம் வரவில்லை. அப்பா குந்தா மின்நிலையத்தில் வேலை பார்த்தவர். கனடாக்காரர்கள் உதவியோடு கட்டிய அணைகளைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அவலாஞ்சி, எமரால்டு தண்ணீரைப் பகலில் பிடித்து வைத்து, சாயங்காலம் ஊரெல்லாம் விளக்குப் போடும் நேரத்தில் திறப்பார்களாம். பைக்காராவில் 1932-லிருந்தே கரண்ட் எடுக்கிற மலை இது. அந்த நீர் இறங்கும் வழியிலேயே நாங்கள் இருக்கிறோம்.

ஆதாரை மட்டும் இணைத்தேன்.

டிசம்பர் 24

மாலை 4:10-க்குக் கரண்ட் போனது. மரம் விழுந்ததாம். அம்மாவைச் சிலிண்டருக்கு மாற்றினேன். B டைப், 1,500 லிட்டர், 2-இல் வைத்தால் ஏறக்குறைய 12 மணி நேரம். ஸ்பேனர் கை வழுக்கியது. 9:35-க்கு வந்தது. லைன்மேன் இருட்டில் மரம் அறுத்துவிட்டு வந்திருப்பார். யாரென்றே தெரியாது, நன்றாக இருக்கட்டும்.

டிசம்பர் 27

நாளைக்குப் பத்து யூனிட். பிடித்து நிறுத்திவிட்டேன்!

ஜனவரி 2, 2023

டாக்டர் அம்மாவை மலையிலிருந்து கீழே கூட்டிப் போகச் சொல்கிறார். ஊட்டி 2,240 மீட்டர், இங்கே காற்றின் அழுத்தமே கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். நல்ல நுரையீரலுக்குப் பரவாயில்லை. முப்பது வருஷம் விறகடுப்புப் புகை குடித்த நுரையீரலுக்கு? குளிர் முடியும்வரையாவது கோவையில் அண்ணன் வீட்டில் இருக்கட்டும் என்கிறார்.

அம்மா பேச்சைக் கேட்காத மாதிரி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

ஜனவரி 10

501. மதியமே.

ஜனவரி 13

புல் மேல் வெள்ளை. தலைகுந்தா பக்கம் இன்னும் மோசம் என்று பால்காரர் சொன்னார். வெந்நீர்ப் பை விடியும் முன்பே ஆறிவிடுகிறது. ஹீட்டரை மறுபடி வைத்தேன், விடிகாலை ஒரு மணி நேரம், கட்டிலுக்கும் ட்யூபுக்கும் எட்டாத மூலையில். இரண்டு யூனிட் போகட்டும். அவள் உதடு நீலமாக இருந்ததைப் பார்த்த பிறகு ஒன்பது ரூபாயைப் பற்றி யோசிக்க என்னால் முடியாது.

ஜனவரி 14

போகி. வெளியே பழையதைக் கொளுத்துகிறார்கள், ஜன்னல் இடுக்கிலெல்லாம் ஈரத்துணி அடைத்தேன். இருந்தும் இருமல்.

எதிர்வீட்டு அக்கா இரும்புச் சட்டியில் கரி போட்டுக் கொண்டுவந்துவிட்டார், கரண்ட் செலவே இல்லை என்று. அன்பு புரிகிறது. உள்ளே விடவில்லை. மூடிய அறையில் கரி மூட்டித் தூங்கி எழாமல் போனவர்களைப் பற்றி இந்த மலையில் கேள்விப்படாதவர்கள் யார்? அவருக்கும் சொன்னேன், ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்லி. கோபித்துக்கொண்டார்.

ஜனவரி 15

பொங்கல் பொங்கியது. அம்மா இரண்டு வாய் சாப்பிட்டாள். 88.

ஜனவரி 18

அண்ணன் போன். கூட்டிக்கொண்டு வா என்கிறான், குரலில் ஒரு தயக்கம். எதனால் என்று தெரியும். அவர்கள் வீட்டில் இப்போது 220 யூனிட், 315 ரூபாய். மெஷின் போனால் 720. 3,830 ரூபாய்.

நானே சொன்னேன்: வித்தியாசத்தை ஒவ்வொரு பில்லுக்கும் நான் அனுப்புகிறேன், அதை அம்மா காதில் போடாதே. "அதெல்லாம் வேண்டாம்" என்றான். அண்ணி பின்னாலிருந்து ஏதோ சொன்னார். அப்புறம், "சரி, பாதி அனுப்பு" என்றான். பாதி என்றால் 1,750-ஐ ஒட்டி. முடியும்.

அண்ணன் மேல் கோபம் இல்லை. அவனுக்கும் இரண்டு பள்ளி ஃபீஸ்.

ஜனவரி 20

அம்மா சரி என்றுவிட்டாள். பங்குனிவரை மட்டும். "இந்த வீட்டு மீட்டர் அதுவரை சும்மாத்தானே இருக்கும்?" என்றாள். ஆமாம்மா, 100-க்குள் நின்றுவிடும், பில்லே வராது என்றேன். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஜனவரி 21

632. கார் சொல்லியாயிற்று, காலை ஏழு மணி. வழிக்குச் சிலிண்டர் இரண்டு, ஸ்பேனர், மாற்று ட்யூப். மெஷினை நிமிர்த்தியே வைக்க வேண்டும், படுக்க வைக்கக் கூடாது. அங்கே அம்மாவின் அறையில் 15 ஆம்பியர் பிளக் இருக்கிறதா என்று கேட்டேன், இருக்கிறதாம். நாங்கள் போய்ச் சேர்ந்ததும் அவர்கள் மீட்டரைப் போட்டோ எடுத்து வைக்க வேண்டும்.